விலாவில் ஒட்டிய இரண்டு வில்லைகள்



சென்ற மாதம் ஓர் அஞ்சலட்டை வந்தது. இப்போதெல்லாம் அஞ்சலட்டை என்றாலே அலுவலகத்தில் அது ஒரு காட்சிப்பொருள். கைமாறிக் கைமாறி எல்லோரும் பார்த்த பிறகுதான் என் மேசைக்கு வரும். எழுதியவர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. நுணுக்கி நுணுக்கி எழுதியும் இடம் போதாமல், கடைசி இரண்டு வரியை அட்டையின் ஓரத்தில் குறுக்காக ஏற்றியிருந்தார். தினமும் விடியற்காலையில் பிராணாயாமம் செய்கிறாராம். மூச்சை இழுத்துக் கும்பகம் கட்டினால், அரை நிமிஷம் போனதும் வயிறு தானாக ஒரு வெட்டு வெட்டுகிறது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அப்புறம் அடுத்தடுத்து. ‘நான் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். உள்ளே இருந்து யாரோ கதவை இடிக்கிறார்கள். இது கோளாறா, இல்லை எனக்குப் பயிற்சி போதவில்லையா?’ அந்தக் கேள்விதான் குறுக்காக ஏறியிருந்தது.

மருத்துவப் பகுதிக்குத் தள்ளிவிட்டு இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அட்டையைப் படித்த கையோடு நானும் கடிகாரத்தைப் பார்த்து மூச்சைப் பிடித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தொப்பைக்கும் நெஞ்சுக்கும் நடுவே அவர் சொன்ன அதே இடி. முகம் எப்படிப் போயிருந்ததோ, புரூஃப் கொண்டுவந்த உதவி ஆசிரியர் வாசலிலேயே நின்று, “சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார்.

என் பள்ளித் தோழன் ஒருவன் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் சொல்லித்தருகிறான். அவனுக்கு போன் போட்டேன். “வாடா, அளந்தே பார்த்துடலாம். கையில்லாத பனியன் போட்டுட்டு வா” என்றான்.

இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளாத குடும்பம் இன்று நம்மிடையே இல்லை. இதயத்தின் மின்சாரத்தைக் காகிதத்தில் எழுதும் கருவி அது. அதன் உடன்பிறப்பு இ.எம்.ஜி. இது மற்ற தசைகளின் மின்சாரத்தை எழுதும். மூளையிலிருந்து உத்தரவு நரம்பு வழியாக வந்து சேர்ந்ததும், தசை இழையின் சவ்வில் சோடியம் உள்ளே பாய, பொட்டாசியம் வெளியே போக, ஒரு மின் அலை இழை நெடுகிலும் ஓடுகிறது. அதற்கு அப்புறம்தான் தசை சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான இழைகளின் அலைகள் ஒன்றாகக் கலந்து தோலுக்கு வந்து சேரும்போது அதன் அளவு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு, சில நூறு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். அதைப் பல நூறு மடங்கு பெருக்கித்தான் திரைக்குக் கொண்டுவருகிறார்கள்.

நண்பன் முதலில் சவரக் கத்தியை எடுத்தான். வலப்பக்கக் கீழ் விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தோல் சிவக்கும்வரை தேய்த்தான். ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள இரண்டு வில்லைகளை விலா இடைவெளியில் பக்கம் பக்கமாக ஒட்டினான். நடுவில் குளிர்ந்த பசை. கழுத்தின் பக்கவாட்டில் இன்னும் இரண்டு. தசையே இல்லாத காறை எலும்பின் மேல் ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. “ஏன்டா எல்லாம் வலப்பக்கம்?” என்றேன். “இடப்பக்கம் வெச்சா உன் இதயம் யாரையும் பேசவிடாது.”

வலப்பக்கம் வைத்தும் அது பேசத்தான் செய்தது. திரையில் கோடு தோன்றியதும் நான் பார்த்தது தசையை அல்ல, துடிப்புக்கொரு தரம் ஈட்டி போல நிமிர்ந்த இதயத்தை. அதோடு கோடு முழுக்க ஒரு மெல்லிய நடுக்கம். அது என்னுடையது இல்லை, மின்வாரியத்துடையது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தரம் ஊசலாடுகிறதே, அதைச் சுவரிலிருந்தும் டியூப் லைட்டிலிருந்தும் என் உடம்பு ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொண்டிருந்தது. நண்பன் விளக்கை அணைத்தான். விசிறியையும் நிறுத்தினான். சித்திரை மாதம், அறைக் கதவும் மூடியிருந்தது. விஞ்ஞானத்துக்காக நான் சிந்திய வியர்வை இந்தப் பக்கத்தில் பதிவாகட்டும்.

சாதாரணமாக மூச்சு விட்டேன். இழுக்கும்போதெல்லாம் விலாக் கோடு கம்பளிப்பூச்சி போலத் தடித்தது, விடும்போது மெலிந்தது. அந்தக் கம்பளிப்பூச்சிதான் உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் கவிழ்த்த கிண்ணம் போன்ற தசை. பிறந்ததிலிருந்து வேலை செய்கிறது. விக்கல் எடுக்கும்போது தவிர அப்படி ஒன்று இருப்பதே நமக்கு நினைவு வருவதில்லை. அதற்கு உத்தரவு கொண்டுவரும் நரம்பு புறப்படுவது கழுத்தில், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நரம்பு வேர்களிலிருந்து. கழுத்தில் மிக உயரத்தில் அடிபட்டவர்களுக்கு மூச்சே நின்றுபோவது இதனால்தான்.

“இழு… பிடி” என்றான்.

பிடித்தேன். கம்பளிப்பூச்சி காணாமல் போனது. இதயத்தின் ஈட்டிகள் மட்டும். பத்து விநாடி, இருபது விநாடி. ஒரு பெருமிதம் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அட, நாம் சொன்னால் கேட்கிறதே! முப்பத்தோராவது விநாடியில் கோட்டில் சின்னதாக ஒரு தடிப்பு. எனக்கு அப்போது உள்ளே எதுவும் தெரியவில்லை. அடுத்த தடிப்பில் தெரிந்தது. அதற்கடுத்தவை நெருங்கி நெருங்கி, பருத்துப் பருத்து வந்தன. கழுத்துக் கோடும் சேர்ந்துகொண்டது. ஐம்பத்திரண்டில் கையைத் தூக்கிவிட்டு வாயைப் பிளந்தேன்.

நண்பன் திரையை நிறுத்திப் பின்னால் ஓட்டிக் காட்டினான். “நீ கை தூக்கினது இங்கே. உன் உதரவிதானம் தூக்கினது இங்கே. இருபத்தோரு விநாடி வித்தியாசம்.”

மூச்சுப் பிடிப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதலில் சுகமான கட்டம், பிறகு போராட்டக் கட்டம். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையை மனிதனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, தசையைத்தான் கேட்க வேண்டும். 1963-இல் எமிலியோ அகோஸ்தோனி என்ற இத்தாலிய உடலியங்கியலாளர் அதைக் கேட்டார். உணவுக் குழாய் உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டுதான் வயிற்றுக்குப் போகிறது. அதனால் மின்முனைகளை மெல்லிய குழாயில் வைத்து விழுங்கச் செய்தால் தசைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். தோல், கொழுப்பு, விலாத் தசை எதுவும் குறுக்கே வராது. மூச்சைப் பிடித்த பின் உதரவிதானம் எப்போது மறுபடி கிளம்புகிறது, எது அதைக் கிளப்புகிறது என்று அவர் பதிவு செய்தார். எனக்கும் குழாய் உண்டோ என்று நண்பனைக் கேட்டேன். “பத்திரிகை ஆசிரியர்கள் பேசாம இருக்கணும்னா அதைச் செய்யலாம்” என்றான்.

தசையின் மின்சாரத்தைப் பிடிக்க மனிதர்கள் பட்ட பாடு நெடுங்கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பெர்லினில் எமில் டு புவா-ரேமான் 1849-இல் மைல் கணக்கில் கம்பி சுற்றிய ஒரு கருவியோடு உட்கார்ந்து, மனிதன் தானாகக் கையை முறுக்கும்போது மின்சாரம் பிறப்பதைக் காட்டினார். முள் அசைந்தது, ஆனால் மிகக் கொஞ்சம். தோல்தான் தடை என்று புரிந்ததும், கையில் கொப்புளம் வரவழைத்துத் தோலை உரித்துவிட்டு அளந்தார். முள் நன்றாகவே அசைந்தது. ஸ்பிரிட் பஞ்சுக்கு முகம் சுளித்த எனக்கு இதை நண்பன் சொன்னபோது கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

சரி, கதவை இடிப்பது ஏன்? ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, கரியமில வாயு ஏறுகிறது, அதனால்தான் என்று பள்ளியில் படித்ததைச் சொல்வோம். தவறில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1954-இல் வார்ட் ஃபவுலர் என்ற அமெரிக்கர் செய்த பரிசோதனையை நண்பன் சொன்னபோது நான் நம்பவில்லை. மூச்சைப் பிடித்து, இனி முடியாது என்று கைவிடும் தறுவாயில் இருப்பவருக்கு ஒரு பையிலிருந்து காற்றைக் கொடுத்தார். நல்ல காற்று அல்ல. ஆக்சிஜன் 8 சதவீத அளவுக்கும், கரியமில வாயு 7 சதவீதத்துக்கு மேலும் இருந்த கெட்ட காற்று. அதைச் சில தரம் இழுத்து விட்டதில் இரத்தத்தின் நிலை கொஞ்சமும் தேறவில்லை. ஆனாலும் தவிப்பு போய்விட்டது. அவர்களால் மறுபடி மூச்சைப் பிடிக்க முடிந்தது! அப்படியானால் அந்தக் கணத்தில் அவர்கள் கேட்டது நல்ல காற்றை மட்டுமல்ல. மார்பு ஒருமுறை விரிந்து சுருங்குவதையும்தான்.

அடுத்த சாட்சி இன்னும் விசித்திரம். 1960-களின் பிற்பகுதியில், லண்டனில் மோரன் கேம்பலும் அவருடைய கூட்டாளிகளும், முழு நினைவோடு இருந்த இருவருக்கு குராரே என்ற மருந்தைக் கொடுத்தார்கள். தென் அமெரிக்கக் காடுகளில் அம்பு முனையில் தடவிய நஞ்சின் வாரிசு. நரம்பின் உத்தரவு தசைக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிடும். ஒரு முன்கையை மட்டும் மருந்து எட்டாதபடி விட்டுவைத்தார்கள், சைகை காட்டுவதற்காக. மூச்சுக் கருவி நிறுத்தப்பட்டது. நான்கு நிமிஷம் கடந்தும் அவர்கள் தவிக்கவில்லை. மயக்க மருத்துவர்தான் பயந்துபோய் நிறுத்தினார். பிறகு ஏபிரஹாம் கஸ் குழுவினர் கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு உதரவிதானத்தின் நரம்பை மட்டும் அடைத்துப் பார்த்தார்கள். அப்போதும் மூச்சுப் பிடிக்கும் நேரம் கூடியது, தவிப்பு குறைந்தது.

‘மூச்சு முட்டுது’ என்கிறோமே, அந்த முட்டலில் பெரும் பங்கு முட்டுகிற தசையிலிருந்தே மூளைக்குத் திரும்பி வருகிறது என்று இவற்றை வைத்து நினைக்கத் தோன்றுகிறது. முழுக் கணக்கும் இன்னும் தீரவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பார்க்ஸ் 2006-இல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எழுதியபோதும், மூச்சை விட்டுவிடும் அந்தக் கணத்துக்கு ஒற்றைக் காரணம் எதையும் அவரால் கைகாட்ட முடியவில்லை. எனக்கு நம் பேச்சு வழக்கு ஒன்று நினைவு வந்தது. பாரம் தூக்கி விலாவில் சுளுக்கிக்கொண்டால் ‘மூச்சுப் பிடிச்சுக்கிச்சு’ என்போம். பிடித்தது தசை, பழி மூச்சுக்கு.

இங்கே ஒரு சென்னைக் கதை இருக்கிறது. யோகாசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியாரைப் பலர் அறிவீர்கள். 1935-இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கையில் தூக்கிச் செல்லும் இ.சி.ஜி. கருவியோடு இந்தியா வந்தார். இதயத்தை நிறுத்த முடியும் என்ற யோகிகளை அளந்தார். கிருஷ்ணமாச்சாரியாரும் அப்படி அளக்கப்பட்டவர். அலை கிட்டத்தட்டத் தட்டையாகிப்போன ஒரு பதிவு அந்தப் பயணத்திலிருந்து வெளிவந்து வெகு காலம் பேசப்பட்டது. 1957-இல் மூன்று பேர் மறுபடி கிளம்பினார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து மேரியன் வெங்கர், மிச்சிகனிலிருந்து பாசு பாக்சி, டெல்லியிலிருந்து பி.கே. ஆனந்த். இந்த பாக்சி சாதாரண ஆள் இல்லை. பரமஹம்ச யோகானந்தரின் இளமைக்கால நண்பர். சுவாமி தீரானந்தா என்ற பெயரில் காவியுடுத்தி அமெரிக்கா போனவர். பிறகு காவியைக் கழற்றி வைத்துவிட்டு மூளை மின்னலைகளைப் படிக்கும் விஞ்ஞானியானார். சாமியாராகவும் கருவிக்காரராகவும் இருந்த ஒருவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த கிருஷ்ணமாச்சாரியாரைச் சென்னையில் வந்து பார்த்தார்.

அவர்களுடைய கட்டுரை 1961-இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்தது. அளந்தது நால்வரை. மூவர் செய்தது ஒரே வித்தை: மூச்சை இழுத்துப் பிடித்து, குரல்வளையின் வாசலை மூடி, வயிற்றையும் மார்பையும் இறுக்கியிருக்கிறார்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறியதும் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி கைக்கு அகப்படவில்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இதய ஒலியும் கேட்கவில்லை. இதயம் நின்றதால் அல்ல. இறுகிய தசைகளின் இரைச்சல் அதை மூடிவிட்டது. இ.சி.ஜி.யில் இதயம் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நான்காமவர் வேறு வழியில் இதயத்தை வெகுவாக மெதுவாக்கினார், அவரும் நிறுத்தவில்லை.

தசைக்கு இரைச்சல் உண்டா என்பவர்கள் இதைப் படித்தபடியே செய்து பாருங்கள். இரண்டு கட்டை விரல்களாலும் காதுகளை அடைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்குங்கள். ஓர் உறுமல் கேட்கும். 1810-இல் வில்லியம் வொலாஸ்டன் இதைக் கேட்டுவிட்டு, லண்டனில் கல் பாவிய தெருவில் தூரத்தில் வண்டி ஓடுவது போலிருக்கிறது என்றார். அந்த வண்டி ஓசைதான் யோகிகளின் இதயத்தை மறைத்தது. என் திரையில் நடந்ததோ தலைகீழ். தசையைத் தேடிப்போன இடத்தில் இதயம் குறுக்கே நின்றது. யோகிகளை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாடி அடங்கியதை அவர்களும் தொட்டுத்தான் பார்த்திருப்பார்கள். வேறெதை வைத்து அவர்கள் முடிவு கட்டியிருக்க முடியும்?

ஆசிரியை அம்மாவின் ‘கதவிடி’க்கு ஒரு நல்ல செய்தி குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து கிடைத்தது. மூச்சைப் பிடித்து ஆழ்கடலில் முங்கும் வீரர்களை ஜெல்கோ டுயிச் குழுவினர் ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். போராட்டக் கட்டத்தில் வரும் அந்த அனிச்சைத் துடிப்புகள் வெறும் தொல்லை அல்ல. மூடிய குரல்வளைக்குக் கீழே உதரவிதானம் இழுக்கிற ஒவ்வொரு முறையும், உடம்பின் கீழ்ப்பகுதி இரத்தம் இதயத்தை நோக்கி உறிஞ்சப்படுகிறது. மூளைக்கு ஆக்சிஜன் போவதற்கு அது உதவுகிறது. காற்று வராவிட்டாலும் பம்பு சும்மா இருப்பதில்லை. 2009-இல்தான் ஸ்டெஃபான் மிஃப்சுட் என்ற பிரெஞ்சு வீரர் சாதாரணக் காற்றை இழுத்து, நீரில் அசையாமல் கிடந்து 11 நிமிஷம் 35 விநாடி மூச்சைப் பிடித்தார். அதில் எத்தனை நிமிஷம் அவர் வயிறு இடித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இருபத்தோரு விநாடி போதும் போதும் என்றாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பிள்ளைகள் கிணற்றிலும் குளத்திலும் பந்தயம் கட்டுவார்களே என்ற பயமும் கூடவே வருகிறது. முங்குவதற்கு முன் ‘ஹஸ் ஹஸ்’ என்று நாலைந்து தரம் வேகமாக மூச்சு வாங்கிவிட்டுக் குதிப்பது பழைய தந்திரம். அது ஆக்சிஜனை ஒன்றும் பெரிதாகக் கூட்டுவதில்லை. கரியமில வாயுவைத் துடைத்து வெளியேற்றிவிடுகிறது. உதரவிதானத்தை எழுப்புவதில் அந்த வாயுவுக்கு முக்கியப் பங்கு. அது ஏறுவதற்கு நேரமாகும். இடி தாமதமாக வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்தத் தவிப்பும் இல்லாமல், தண்ணீருக்கு அடியிலேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளே இப்படிப் போயிருக்கிறார்கள். தண்ணீரில் இந்த விளையாட்டு வேண்டாம். தனியாக வேண்டவே வேண்டாம்.

கிளம்பும்போது நண்பன் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டி அழைத்துப் போனான். உள்ளே விடவில்லை, கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். பழைய வென்டிலேட்டர் தன் தாளத்துக்கு ஊதும். குழந்தை இழுக்கும் நேரமும் கருவி ஊதும் நேரமும் ஒத்துவராமல் இரண்டும் மல்லுக்கட்டும். 1999-இல் கனடாவின் கிறிஸ்டர் சிண்டர்பியும் உடனிருந்தவர்களும் வேறு வழி சொன்னார்கள். பால் கொடுக்க மூக்கு வழியாகப் போடும் குழாயிலேயே மின்முனைகளைப் பதித்து, உதரவிதானத்தின் மின்சாரத்தை விடாமல் படித்து, அது இழுக்க முனையும் கணத்தில், அது முனையும் அளவுக்கே கருவி ஊதுகிறது. அகோஸ்தோனி காலத்தில் ஆராய்ச்சிக்காக விழுங்கிய கம்பிக்கும் இந்தக் குழாய்க்கும் தூரம் அதிகமில்லை.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இடிப்பது உங்கள் உதரவிதானம். கோளாறு இல்லை, பயிற்சிக் குறைவும் இல்லை. பல வருஷம் பயின்றவர்களுக்கும் அது வரும், கொஞ்சம் தாமதமாக. முதல் இடி வந்ததும் மூச்சை மெல்ல விட்டுவிடுங்கள். அதற்கு மேல் பிடித்து ஜெயிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்கிறான் நண்பன். அட்டையின் மூலையில் ‘பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இறுக்கிப் பிடிக்கும்போது இரத்த அழுத்தம் ஏறி இறங்கும். உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

என் ஐம்பத்திரண்டு விநாடியை நண்பன் காகிதத்தில் அடித்துக் கொடுத்தான். அதன் நகலை உங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முப்பத்தோராவது விநாடியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு ‘இங்கே’ என்று எழுதியிருப்பது அவன் கையெழுத்து. உங்கள் வயிறு முதல் வெட்டு வெட்டுவது எத்தனையாவது விநாடி என்று எழுதுங்கள். அஞ்சலட்டையிலேயே எழுதுங்கள், இங்கே எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்